கே.ஆர். கௌரியம்மா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் முதல் சட்டமன்றத்திலேயே உறுப்பினராக இருந்து, 2006 வரை இடையில் ஒரே ஒரு தேர்தலில் மட்டும் தோற்று, அவையிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர் கௌரியம்மா. அவரைப் பற்றித் தமிழில் தேடுபவர்களுக்குப் பெரும்பாலும் "முதலமைச்சர் ஆக வேண்டியவர், ஆகவில்லை" என்ற ஒற்றை வரிதான் கிடைக்கிறது. அந்த வரியில் உண்மை இருக்கிறது. ஆனால் அதையே பிடித்துக்கொண்டால் அவர் செய்த வேலை கண்ணில் படாமல் போய்விடும். இங்கே உள்ள பதில்களில் கவனம் அந்த வேலையின் மீதுதான்.

எங்கே பிறந்தார், என்ன படித்தார்?

1919 ஜூலை 14 அன்று, இன்றைய ஆலப்புழா மாவட்டம் சேர்த்தலை வட்டத்தில், பட்டணக்காடு என்ற ஊரில் பிறந்தார். தந்தை களத்திப்பறம்பில் ராமன், தாய் பார்வதியம்மா. ஈழவக் குடும்பம், வசதிக்குக் குறைவில்லை. எர்ணாகுளத்தில் கல்லூரிப் படிப்பு, திருவனந்தபுரத்தில் சட்டப் படிப்பு. ஈழவ சமூகத்தில் சட்டம் முடித்த முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். சேர்த்தலை நீதிமன்றத்தில் கொஞ்ச காலம் வழக்கறிஞராகவும் இருந்தார். அவருடைய அமைச்சர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்தச் சட்டப் படிப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மசோதாவின் உட்பிரிவைப் படித்து அதிலுள்ள ஓட்டையைத் தானே கண்டுபிடிக்கக்கூடிய அமைச்சர்கள் எந்தக் காலத்திலும் அதிகம் பேர் இருந்ததில்லை.

வசதியான வீட்டுப் பெண் கம்யூனிஸ்ட் கட்சிக்கு எப்படி வந்தார்?

அண்ணன் சுகுமாரன் வழியாக. அவர் தொழிற்சங்கக்காரர். சேர்த்தலை, ஆலப்புழா வட்டாரமே அன்று கயிற்றுத் தொழிலாளர்களும் வயல் கூலிகளும் செங்கொடியின் கீழ் திரண்டிருந்த பூமி. 1946 அக்டோபரில் புன்னப்பிராவிலும் வயலாரிலும் திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் படை தொழிலாளர்களைச் சுட்டது. வயலார், கௌரியம்மாவின் சொந்த ஊருக்குப் பக்கத்து ஊர். அந்த நாட்களில் அங்கே வளர்ந்த ஒரு படித்த பெண் அரசியலுக்கு வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு. கட்சியில் அவரைச் சேர்த்தவர் பி. கிருஷ்ண பிள்ளை, கேரளத்தில் அந்தக் கட்சியைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர்.

சிறையில் சித்திரவதைப்பட்டார் என்பது உண்மையா?

உண்மை. 1948இல் கட்சி தடைசெய்யப்பட்ட பிறகு கைதானார், காவலில் கொடுமைப்படுத்தப்பட்டார். போலீஸ் தடிக்குப் பிள்ளை கொடுக்கும் சக்தி இருந்திருந்தால் தான் எத்தனையோ தடிக்குழந்தைகளைப் பெற்றிருப்பேன் என்ற பொருளில் அவர் சொன்னது கேரளம் முழுக்கத் தெரிந்த வாக்கு. இதை மேடையில் கைதட்டலுக்காகச் சொன்ன வசனம்போலப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். காவலில் பெண்களுக்கு நடப்பதைப் பற்றி யாரும் வாய்திறக்காத காலத்தில் ஒரு பெண் அதைத் தன் வாயால் சொன்னாள் என்பதே அதில் பெரிது.

எத்தனை முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தார்?

பதினேழு முறை போட்டியிட்டு பதின்மூன்று முறை வென்றார். முதல் போட்டி 1948இல், வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்து திருவிதாங்கூரில் நடந்த முதல் தேர்தல். அதில் தோல்வி. பிறகு 1952, 1954 ஆண்டுகளில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்குச் சேர்த்தலையிலிருந்து வென்றார். கேரளம் உருவான பின் 1957, 1960 தேர்தல்களிலும் சேர்த்தலையே. 1965 முதல் அரூர் தொகுதி: 1965, 1967, 1970, 1980, 1982, 1987, 1991, 1996, 2001. இதில் 1965இல் தேர்வான சட்டமன்றம் ஒருநாள்கூடக் கூடவில்லை. யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் கலைக்கப்பட்டது. 1977, 2006, 2011 ஆண்டுகளில் தோல்வி. கடைசித் தேர்தலில் நின்றபோது வயது 91.

கேரளத்தில் இதைவிட நீண்ட காலம் அவையில் இருந்த ஆண்கள் உண்டு. பாலாவில் கே.எம். மாணியும் புதுப்பள்ளியில் உம்மன் சாண்டியும் அரை நூற்றாண்டு தொகுதியை விடாமல் வைத்திருந்தார்கள். பெண்களில் கௌரியம்மாவுக்கு அருகில் வரக்கூட யாரும் இல்லை.

1957இல் அமைச்சராகி முதலில் செய்தது என்ன?

1957 ஏப்ரல் 5 அன்று ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் பதினொரு பேர் கொண்ட அமைச்சரவை பதவியேற்றது. அதில் ஒரே பெண் கௌரியம்மா. கையில் வருவாய்த் துறை. ஏப்ரல் 11 அன்று, அதாவது ஒரு வாரம் முடிவதற்குள், குத்தகைதாரர்களையும் குடியிருப்போரையும் நிலத்தைவிட்டு வெளியேற்றுவதைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் வந்துவிட்டது.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. நிலச் சீர்திருத்தம் வரப்போகிறது என்று தெரிந்தாலே நிலவுடைமையாளர்கள் செய்யும் முதல் வேலை, குத்தகைதாரரைக் காலிசெய்வதுதான். சட்டம் வரும்போது வயலில் குத்தகைதாரரே இருக்க மாட்டார். உரிமையை யாருக்குக் கொடுப்பது? இந்தியாவின் பல மாநிலங்களில் சட்டப் புத்தகத்தில் அழகாக இருந்த சீர்திருத்தங்கள் நிலத்தில் செத்துப்போனது இப்படித்தான். கேரளத்தில் முதலில் கதவைச் சாத்திவிட்டு, பிறகு மசோதா எழுத உட்கார்ந்தார்கள். என்னைக் கேட்டால், பின்னால் வந்த பெரிய சட்டத்தைவிட இந்தச் சிறிய அவசரச் சட்டத்தில்தான் அந்த அரசின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.

அன்று கேரளத்தில் நிலம் யாரிடம் இருந்தது?

மூன்று பகுதிகளில் மூன்று விதம். திருவிதாங்கூரில் அரசுக்குச் சொந்தமான நிலங்களைப் பயிரிட்டவர்களுக்கு 1865இலேயே பிரகடனம் ஒன்றின் மூலம் உரிமை கிடைத்திருந்தது. அதனால் அங்கே சொந்த நிலமுள்ள விவசாயிகள் கணிசம். மலபார் நேர் எதிர். 1956 வரை சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்த அந்த மாவட்டத்தில் 'ஜன்மி' எனப்படும் நிலவுடைமையாளரிடம் பரம்பரை உரிமை. அவருக்குக் கீழே, அவரிடம் முன்பணம் கட்டி நிலம் பெற்ற காணக்காரர், அவருக்குக் கீழே பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு உழுபவர், எல்லாருக்கும் கீழே கூலி. கொச்சி இரண்டுக்கும் நடுவில்.

இவற்றோடு 'குடிகிடப்பு' என்று ஒன்று. அடுத்தவர் நிலத்தின் மூலையில் குடிசை போட்டுக்கொண்டு, அந்த அனுமதிக்கு ஈடாக நிலவுடைமையாளர் கூப்பிடும்போதெல்லாம் வேலைக்குப் போக வேண்டிய நிலையில் இருந்த குடும்பங்கள். உடையவர் கோபித்துக்கொண்டால் அன்றே குடிசை பிரிக்கப்படும். கௌரியம்மாவின் சட்டம் பற்றிய வாய்மொழிக் கதைகளில் அதிகம் வருவது வயல் கிடைத்த கதை அல்ல, குடிசையைப் பிரிக்க வந்தவர்கள் திரும்பிப்போன கதை.

விவசாய உறவுகள் மசோதாவில் என்ன இருந்தது? ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

1957 டிசம்பரில் கௌரியம்மா அவையில் வைத்த மசோதா மூன்று விஷயங்களைச் சொன்னது. குத்தகைதாரருக்கு நிலத்தில் நிலையான உரிமையும் அதை விலைக்கு வாங்கிக்கொள்ளும் வழியும். நியாயமான குத்தகை இவ்வளவுதான் என்ற வரையறை. ஒரு குடும்பம் வைத்திருக்கும் நிலத்துக்கு உச்சவரம்பு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இருபோக நிலமானால் 15 ஏக்கர். தேயிலை, ரப்பர் போன்ற தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

தெரிவுக் குழு, பிரிவு பிரிவாக விவாதம், திருத்தங்கள் என்று ஒன்றரை ஆண்டு ஓடி, 1959 ஜூன் 10 அன்று மசோதா நிறைவேறியது. இரண்டே நாளில், ஜூன் 12 அன்று, அரசுக்கு எதிராக 'விமோசன சமரம்' (விடுதலைப் போராட்டம்) என்ற போராட்டம் முழுவீச்சில் தொடங்கியது. அதற்கு நிலம் மட்டும் காரணமல்ல. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரியின் கல்வி மசோதா கத்தோலிக்கத் திருச்சபையையும் நாயர் சேவை சங்கத்தையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்திருந்தது. பள்ளிக்கூட நிர்வாகமும் நிலமும் பல இடங்களில் ஒரே கைகளில் இருந்தன என்பதால் இரண்டு கோபங்களையும் பிரித்துப் பார்ப்பது கடினம். ஜூலை 31 அன்று மத்திய அரசு 356ஆம் பிரிவைப் பயன்படுத்தி ஆட்சியைக் கலைத்தது.

ஆட்சி போனபின் மசோதா என்ன ஆனது?

ஒரு மசோதா எத்தனை முறை செத்துப் பிழைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போனது திருத்தங்களுக்காகத் திரும்பி வந்தது. அடுத்து வந்த அரசு அதை மாற்றி நிறைவேற்றி 1961இல் சட்டமாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில், முன்பு தென்கன்னட மாவட்டத்தில் இருந்த காசர்கோடு, ஹோஸ்துர்க் பகுதிகளின் ரயத்துவாரி நிலங்களுக்கு, அதாவது உடையவரே நேரடியாக அரசுக்கு வரி கட்டும் நிலங்களுக்கு, அது செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 1963இல் புதிய நிலச் சீர்திருத்தச் சட்டம் எழுதப்பட்டது. இடதுசாரிகளின் பார்வையில் பல்லில்லாத சட்டம்.

1967இல் ஈ.எம்.எஸ். மீண்டும் முதலமைச்சரானார், கௌரியம்மா மீண்டும் வருவாய் அமைச்சர். பத்தாண்டுகளுக்கு முன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1969இல் நிறைவேறிய திருத்தச் சட்டம்தான் உண்மையில் கேரளத்தை மாற்றியது. 1970 ஜனவரி 1 அன்று குத்தகை நிலங்களில் நிலவுடைமையாளரின் உரிமை அரசுக்குப் போய், அங்கிருந்து உழுபவருக்குப் போகும் என்றாக்கியது அது. குடும்பத்துக்கு உச்சவரம்பு, நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் 'தர ஏக்கர்' அளவில், 10 ஆகக் குறைந்தது. குடிகிடப்புக்காரர் தன் குடிசையைச் சுற்றியுள்ள மண்ணைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம்: பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகரில் 3.

வழக்குகள் அதோடும் நிற்கவில்லை. காசர்கோடு அருகே எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, தம் மடத்து நிலங்களுக்காக இந்தச் சட்டத்தை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். 1973 ஏப்ரல் 24 அன்று பதின்மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்றது. இன்று சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்யும் அந்த வழக்கு புறப்பட்டது கேரளத்து நிலச் சட்டத்திலிருந்து.

அப்படியானால் நிலச் சீர்திருத்தத்தின் புகழ் யாருக்கு?

கேரளத்தில் தேநீர்க்கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு எளிதாக எழுந்து வர முடியாது. 1969 திருத்தம் அவையில் நிறைவேறிய சில வாரங்களில் ஈ.எம்.எஸ். அரசு விழுந்தது. நவம்பர் 1 அன்று இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சி. அச்சுத மேனன் முதலமைச்சரானார். சட்டம் நடைமுறைக்கு வந்ததும் பட்டயங்கள் வழங்கப்பட்டதும் அவர் காலத்தில். மார்க்சிஸ்டுகள் "எழுதியது நாங்கள்" என்பார்கள், மற்றவர்கள் "நிறைவேற்றிக் காட்டியது நாங்கள்" என்பார்கள்.

அச்சுத மேனனின் பங்கைக் குறைக்கத் தேவையில்லை. எதிர்ப்புக்கு நடுவே சட்டத்தை நிலத்தில் இறக்கியவர் அவர். ஆனால் 1957 அவசரச் சட்டம், 1959 மசோதா, 1969 திருத்தம் ஆகிய மூன்றின்போதும் வருவாய் அமைச்சர் நாற்காலியில் இருந்தவர் ஒருவர்தான்.

டி.வி. தாமஸுடனான திருமணம் ஏன் முறிந்தது?

1957 மே மாதம், அதே அமைச்சரவையில் போக்குவரத்து, தொழிலாளர் துறைகளைக் கவனித்த டி.வி. தாமஸை மணந்தார். 1964இல் கட்சி பிளந்தது. தாமஸ் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே தங்கினார், கௌரியம்மா மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார். 1967இல் இருவரும் மறுபடி ஒரே அமைச்சரவையில், வெவ்வேறு கட்சிகளின் சார்பில். திருமணம் நிலைக்கவில்லை. கட்சிப் பிளவு மட்டுமே காரணம் என்று எழுதுபவர்கள் இரண்டு மனிதர்களின் வாழ்க்கையை மிகவும் எளிதாக்கிவிடுகிறார்கள். தாமஸ் 1977இல் காலமானார்.

முதலமைச்சர் ஆகாமல் போனது ஏன்?

1987 தேர்தலில் "கேரம் திங்கும் கேரள நாட்டில் கே.ஆர். கௌரி பரிச்சீடும்" என்பது ஊரெல்லாம் ஒலித்த முழக்கம். தென்னை அடர்ந்த கேரள நாட்டை கே.ஆர். கௌரி ஆள்வார் என்று பொருள். இடதுசாரிகள் வென்றார்கள்; கட்சி ஈ.கே. நாயனாரை முதலமைச்சராக்கியது.

சாதி காரணம் என்பார்கள் சிலர். ஈழவரான ஆர். சங்கர் 1962இலேயே முதலமைச்சராகியிருந்தார், வி.எஸ். அச்சுதானந்தன் 2006இல் ஆனார். ஆக, சாதி மட்டுமே விளக்கமாகாது. அவருடைய முன்கோபம் காரணம் என்பார்கள் வேறு சிலர். முன்கோபம் உண்டுதான், அதிகாரிகள் கோப்போடு அவர் அறைக்குள் போகத் தயங்குவார்கள் என்பது பிரசித்தம். ஆண் தலைவர்களின் முன்கோபத்தை உறுதி என்று பாராட்டும் அரசியலில் இந்த விளக்கத்தை எவ்வளவு தூரம் நம்புவது? கல்வியிலும் சுகாதாரத்திலும் பெண்கள் முன்னணியில் நிற்கும் அந்த மாநிலத்துக்கு இன்றுவரை ஒரு பெண் முதலமைச்சர் வாய்க்கவில்லை.

அந்த ஆட்சியில் அவருக்குக் கிடைத்தது?

தொழில்துறை. திருவனந்தபுரத்தில் 1990இல் டெக்னோபார்க் என்ற தொழில்நுட்பப் பூங்கா தொடங்கப்பட்டது அவர் தொழில் அமைச்சராக இருந்தபோது. கணினி வந்தால் வேலை போய்விடும் என்று இடதுசாரித் தொழிற்சங்கங்கள் போராடிவந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கட்சி அவரை ஏன் வெளியேற்றியது?

1994 தொடக்கத்தில் மார்க்சிஸ்ட் கட்சி அவரை நீக்கியது. கட்சி விரோத நடவடிக்கை என்பது அதிகாரபூர்வக் காரணம். 1987 முதலே உறவு கசந்திருந்தது. நீக்கப்பட்டபோது வயது 74. அந்த வயதில் பெரும்பாலோர் நினைவுக் குறிப்புகள் எழுதுவார்கள். இவர் ஜனாதிபத்ய சம்ரக்ஷண சமிதி, அதாவது ஜனநாயகப் பாதுகாப்புக் குழு என்ற பெயரில் தனிக்கட்சி தொடங்கினார். காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணியில் சேர்ந்து, 1996இல் அதே அரூரில் தன் பழைய கட்சியைத் தோற்கடித்தார்.

1996இல் அவையில் தனியாக வாக்களித்தார் என்கிறார்களே, அது எதற்கு?

கௌரியம்மாவைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள நேரம் இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழங்குடியினரிடமிருந்து பறிபோன நிலத்தை மீட்டுத் தர 1975இல் கேரளம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. இயற்றியதோடு சரி. வயநாடு, அட்டப்பாடி போன்ற இடங்களில் அந்த நிலங்களில் குடியேறியிருந்தவர்கள் எல்லாக் கட்சிகளுக்கும் வாக்கு வங்கி. வழக்கு போட்டு, உயர்நீதிமன்றம் சட்டத்தை நிறைவேற்றச் சொன்ன பிறகும் அரசுகள் காலம் கடத்தின. கடைசியில், நிறைவேற்ற முடியாத சட்டத்தையே மாற்றிவிடலாம் என்று 1996இல் ஒரு திருத்த மசோதா வந்தது. கைமாறிய நிலங்களில் பெரும்பகுதியைக் குடியேறியவர்களிடமே விட்டுவிட்டு, பழங்குடியினருக்கு வேறு இடத்தில் நிலம் தருவோம் என்பது அதன் சாரம்.

ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் எதிலும் ஒத்துப்போகாத அவை இதில் ஒன்றாக நின்றது. எதிர்த்து வாக்களித்தவர் கௌரியம்மா ஒருவர் மட்டுமே. அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அரசு 1999இல் வேறு வடிவத்தில் புதுச் சட்டம் கொண்டுவந்து தன் காரியத்தைப் பெருமளவு முடித்துக்கொண்டது. அதனால் அந்த ஒற்றை வாக்கு எதையும் தடுத்துவிடவில்லை. ஆனால் 140 பேர் கொண்ட அவையில் எல்லாருக்கும் வசதியாக இருந்த ஒரு தீர்மானத்துக்கு ஒருவர் உடன்படவில்லை என்பது அவைக் குறிப்பில் ஏறிவிட்டது.

பழங்குடியினர் விஷயத்தில் அவர் எப்போதும் அப்படியே நின்றாரா?

அப்படிச் சொல்ல முடியவில்லை. 2001இல் ஏ.கே. ஆண்டனி அமைச்சரவையில் வேளாண் அமைச்சரானார். 2004இல் உம்மன் சாண்டி முதலமைச்சரான பிறகும் 2006 வரை அமைச்சராக நீடித்தார். 2003 பிப்ரவரியில் வயநாட்டின் முத்தங்கா காட்டில் நிலம் கேட்டுக் குடிசை போட்ட ஆதிவாசிகள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியபோது அவர் அந்த அமைச்சரவையில் இருந்தார். பதவி விலகவில்லை. 1996இன் வாக்கைப் புகழும் கட்டுரைகள் பலவும் இந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன. இரண்டையும் செய்தவர் ஒரே ஆள்தான்.

இந்தியாவின் முதல் பெண் அமைச்சர் என்று படித்தேன். சரியா?

தவறு. விஜயலட்சுமி பண்டிட் 1937இலேயே ஐக்கிய மாகாணத்தில் அமைச்சர். சென்னை மாகாணத்தில் ருக்மிணி லட்சுமிபதி 1946இல் சுகாதார அமைச்சர். கேரள மண்ணிலேயேகூட ஆனி மஸ்கரீன் திருவிதாங்கூர்-கொச்சியில் முன்பே அமைச்சராக இருந்திருக்கிறார். 1956இல் உருவான கேரள மாநிலத்தின் முதல் பெண் அமைச்சர் என்பதே சரி.

கடைசி ஆண்டுகள் எப்படிக் கழிந்தன?

ஆலப்புழாவில், சாத்தநாட்டு வீட்டில். 2006இல் அரூரில் மார்க்சிஸ்ட் கட்சியின் இளம் வேட்பாளர் ஏ.எம். ஆரிஃபிடம் தோற்றார், 2011இல் சேர்த்தலையில் பி. திலோத்தமனிடம். பின்னாளில் ஐக்கிய ஜனநாயக முன்னணியைவிட்டு விலகி, பழைய தோழர்களோடு மீண்டும் நெருங்கினார். 2021 மே 11 அன்று திருவனந்தபுரத்தில் 101 வயதில் இறந்தார். கிருஷ்ண பிள்ளையும் டி.வி. தாமஸும் அடக்கமான ஆலப்புழா வலிய சுடுகாட்டிலேயே அவருக்கும் இறுதிச் சடங்கு நடந்தது.

அவருடைய நிலச் சட்டம் எல்லாருக்கும் நிலம் கொடுத்ததா?

இல்லை. குத்தகைதாரருக்கு வயல் கிடைத்தது. அந்த வயலில் கூலிக்கு இறங்கிய தலித்துகளுக்குக் கிடைத்தது குடிசையும் அதைச் சுற்றிய பத்து சென்டும். சட்டத்தின் பார்வையில் அவர்கள் 'உழுபவர்' அல்ல, தொழிலாளர். குத்தகைதாரர்களில் பலர் ஏற்கெனவே ஓரளவு வசதியானவர்கள், சாதியிலும் நடுத்தட்டினர். உச்சவரம்புக்கு மேற்பட்ட உபரி நிலத்திலிருந்து மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் சட்டம் வருவதற்கு முன்பான நீண்ட இழுபறியில் பல குடும்பங்கள் நிலத்தை உறவினர் பெயர்களில் பிரித்தெழுதிவிட்டன. பெரும் பரப்பு இருந்த தோட்டங்களுக்கோ முதல் மசோதாவிலிருந்தே விலக்கு.

குத்தகைதாரரை வெளியேற்றுவதை ஏழு நாளில் தடுத்தவர்களுக்கு நிலத்தைப் பிரித்தெழுதுவதைத் தடுக்க ஏன் முடியவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1957இல் அந்த அரசுக்கு இருந்தது ஐந்து சுயேச்சைகளையும் சேர்த்து 65 உறுப்பினர்கள்; பெரும்பான்மைக்கு மேல் ஓரிரு இடம். தோட்ட முதலாளிகளையும் பகைத்துக்கொண்டிருந்தால் இருபத்தெட்டு மாதம்கூட ஓடியிருக்குமா என்பது சந்தேகம்.

2007இல் பத்தனம்திட்டை மாவட்டம் செங்கறையில் ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்கள், பெரும்பாலும் தலித்துகள், ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து பிளாஸ்டிக் கூரை போட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது வீட்டுமனை அல்ல, பயிரிடுவதற்கு நிலம். 2009இல் அரசோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. சிலருக்குக் கிடைத்த நிலம் பாறையும் பயிருக்கு உதவாத மண்ணுமாக இருந்ததாகச் சொல்லித் திரும்பி வந்துவிட்டார்கள்.